ஆய்வுத் துறையை வரைபடமாக்க எந்த வழி: கோ-சைட்டேஷனா, கப்ளிங்கா, கூட்டாசிரியர் வலையா?

ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பிப்லியோமெட்ரிக் வரைபடம் (ஒரு துறையின் பேப்பர்களும் ஆசிரியர்களும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புகொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் படம்) இருக்கட்டும் என்று வழிகாட்டி சொன்னதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடி, வந்ததையெல்லாம் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, விஓஎஸ் வியூவர் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, நாடுகளின் கூட்டாசிரியர் படம் ஒன்று, கீவேர்டு படம் ஒன்று என்று கலர் கலராக எடுத்து ஒட்டிவிட்டு, கீழே 'அமெரிக்காவும் சீனாவும் முன்னணியில் உள்ளன' என்று ஒரு வரி எழுதுவது. அந்த வரியை எழுதப் படமே தேவையில்லை.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற வழிகளில் இதுதான் பலவீனமானது, சுலபமாக இருப்பதால் மட்டுமே வழக்கமாகிவிட்டது. ஒரு துறையில் இன்று என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பிப்லியோகிராஃபிக் கப்ளிங். அந்தத் துறை எந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் கோ-சைட்டேஷன். யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதற்குக் கூட்டாசிரியர் வலை, அதுவும் பெயர்களைச் சுத்தம் செய்த பிறகு மட்டும்.

ஒரே துறையை வைத்துப் பேசினால் குழப்பம் வராது, அதனால் திரவப் படிகங்களை எடுத்துக்கொள்கிறேன். எல்சிடி திரைக்குள் இருக்கிறதே, அதுதான். 1888-ல் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் கவனித்ததில் தொடங்கி இன்றுவரை இயற்பியல், வேதியியல், பொறியியல் மூன்றிலும் கால் பதித்த துறை என்பதால், எந்த முறை எங்கே சறுக்குகிறது என்பது இதில் நன்றாகத் தெரியும்.

முதலில் கோ-சைட்டேஷன். இரண்டு பழைய பேப்பர்களைப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒன்றாக மேற்கோள் காட்டினால் அந்த இரண்டுக்கும் உறவு உண்டு என்று எடுத்துக்கொள்வது. ஒரே இரண்டு பெயர்கள் ஊரில் அடிக்கும் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் சேர்ந்தே வந்தால், அவர்களைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் சொந்தக்காரர்கள் என்று ஊகித்துவிடுகிறோம் அல்லவா, அதே கணக்கு. அமெரிக்காவில் ஹென்றி ஸ்மாலும் சோவியத் ஒன்றியத்தில் இரினா மர்ஷகோவாவும் ஒருவரை ஒருவர் அறியாமல் 1973-ல் இதை முன்வைத்தார்கள். திரவப் படிகத் துறைக்கு இதைப் போட்டால் 1949-ல் ஆன்சாகரும் 1958-ல் ஃபிராங்கும் எழுதிய பேப்பர்கள், 1971-ல் ஷாட்–ஹெல்ஃப்ரிஷ் வெளியிட்ட முறுக்கிய நெமாட்டிக் பேப்பர் (நெமாட்டிக் என்பது மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுக்கும் திரவப் படிக நிலை), அப்புறம் டி ஜென் திரவப் படிகம் பற்றி எழுதிய நூல் போன்றவை மேலே வரும் என்று எதிர்பார்க்கலாம். புதிதாக வரும் மாணவர் எதைப் படிக்காமல் உள்ளே நுழையக் கூடாது என்ற பட்டியல் கிட்டத்தட்ட தானாகவே கிடைத்துவிடும்.

இதன் குறை, அது எப்போதும் பின்னால் திரும்பிப் பார்ப்பது. ஒரு பேப்பர் படத்தில் இடம்பிடிக்க அது வெளிவந்து, படிக்கப்பட்டு, மற்றவர்கள் அதைச் சுட்டி எழுதி, அவர்கள் எழுதியதும் அச்சாக வேண்டும். போன வருடம் வந்த நல்ல பேப்பர் ஒன்று கோ-சைட்டேஷன் படத்தில் இல்லையென்றால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. இன்னொரு தொல்லை, எல்லோரும் எல்லாவற்றுக்கும் சுட்டும் செய்முறைப் பேப்பர்கள். புரதத்தின் அளவைக் கண்டறிய ஆலிவர் லௌரி குழு 1951-ல் வெளியிட்ட பேப்பருக்கு 3 லட்சத்துக்கு மேல் சைட்டேஷன் உண்டு. உயிர்வேதியியல் பக்கம் எந்த வரைபடம் போட்டாலும் இது போன்ற ஒன்று நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கொத்துகளை (நெருங்கிய உறவுள்ள பேப்பர்களின் கூட்டங்களை) எல்லாம் கட்டி இழுத்துவிடும். அதை நீக்கிவிட்டு ஒரு தடவை, நீக்காமல் ஒரு தடவை என்று ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பிப்லியோகிராஃபிக் கப்ளிங் இதற்குத் தலைகீழ். எம்ஐடியில் இருந்த கெஸ்லர் 1963-ல் எழுதியது, அதாவது கோ-சைட்டேஷனுக்குப் பத்து வருடம் மூத்தது. இரண்டு பேப்பர்களின் ரெஃபரன்ஸ் பட்டியலில் பொதுவாக எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது, அவ்வளவுதான். பேப்பர் வெளியான அன்றே அதன் பட்டியல் முடிவாகிவிடுவதால் யாராவது அதைச் சுட்டுவார்களா என்று காத்திருக்க வேண்டியதில்லை. திரவப் படிகத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சமீபத்திய உதாரணமே இருக்கிறது. ஃபெரோ எலெக்ட்ரிக் நெமாட்டிக் (மூலக்கூறுகளின் மின்முனைகள் தாமாகவே ஒரே பக்கம் பார்ப்பது) என்ற நிலையைச் சுட்டும் பொருட்களை 2017-ல் இங்கிலாந்தில் யார்க் குழுவும் ஜப்பானில் ஒரு குழுவும் தனித்தனியாக வெளியிட்டன, 2020-ல் அமெரிக்காவின் போல்டர் குழு அந்தப் பொருட்களில் ஒன்றில் ஃபெரோ எலெக்ட்ரிக் தன்மை இருப்பதைத் தெளிவாகக் காட்டியது, அதன் பிறகு பேப்பர்கள் வரிசைகட்டி வர ஆரம்பித்தன. அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் சுட்டியே ஆக வேண்டும். எனவே 2021, 2022-ல் வந்த பேப்பர்களைக் கப்ளிங்கில் போட்டால், ஒருவரை ஒருவர் இன்னும் படித்தேயிராத குழுக்கள்கூட ஒரே கொத்தாக வந்து நிற்கும். அதே தரவில் கோ-சைட்டேஷன் போட்டிருந்தால் அந்த மூன்று மூலப் பேப்பர்களும் ஓர் ஓரத்தில் சின்னப் புள்ளிகளாகத்தான் தெரிந்திருக்கும்.

கப்ளிங்கில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ரிவியூ (பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும்) கட்டுரைகளிடம். முந்நூறு ரெஃபரன்ஸ் வைத்திருக்கும் ரிவியூ எல்லாருடனும் ஏதோ ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும், அதனால் எல்லாக் கொத்துகளுக்கும் உறவாகிவிடும். தேடும்போதே ஆவண வகையில் ரிவியூவை விலக்கிவிடுவது என் வழக்கம். கால அளவையும் சுருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குள் வந்த பேப்பர்கள் என்றால் நன்றாக வேலை செய்கிறது, முப்பது வருடத்தை ஒன்றாகப் போட்டால் 1990-ல் வந்ததும் 2020-ல் வந்ததும் ரெஃபரன்ஸைப் பகிர வாய்ப்பே குறைவு என்பதால் கொத்துகள் ஆராய்ச்சித் தலைப்பைவிட வயதையே காட்ட ஆரம்பிக்கும்.

மூன்றாவதாக நேரடி சைட்டேஷன், அ என்ற பேப்பர் ஆ என்ற பேப்பரைச் சுட்டியது, அவ்வளவுதான் உறவு. யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் மரபணுக் குறியீட்டு ஆராய்ச்சியின் வரலாற்றை இப்படித்தான் வரைந்து பார்த்தார். ஐசக் அசிமோவ் எழுதிய நூலில் சொல்லப்பட்ட நிகழ்வுகளின் தொடர் ஒரு பக்கம், பேப்பர்கள் ஒன்றை ஒன்று சுட்டிய தொடர் மறு பக்கம், இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று. வரலாறு எழுதுபவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் சரியான வழி. ஆனால் சில நூறு பேப்பர் மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு இது ஒத்துவராது, ஏனென்றால் அவற்றுக்குள் ஒன்றை ஒன்று நேரடியாகச் சுட்டுவது மிகக் குறைவாக இருக்கும், படம் பாதி வெறுமையாக வரும்.

எது துல்லியம் என்று ஆய்வே செய்திருக்கிறார்கள். கெவின் பாயக்கும் ரிச்சர்ட் கிளாவன்ஸும் 2010-ல் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட உயிரிமருத்துவப் பேப்பர்களை வைத்து ஒப்பிட்டபோது, குறுகிய கால ஆராய்ச்சி முனையைப் பிடிப்பதில் கப்ளிங் கோ-சைட்டேஷனைச் சற்று முந்தியது, நேரடி சைட்டேஷன் மிகவும் பின்தங்கியது. அதே இருவர் 2017-ல் நீண்ட காலத் தரவை வைத்து அறிவுத்துறைகளை வகைப்படுத்திப் பார்த்தபோது நேரடி சைட்டேஷன் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இரண்டு முடிவுகளும் முரண் போலத் தெரியும், ஆனால் கேள்வியும் கால அளவும் வேறு வேறு. ஆய்வேட்டில் இந்த இரண்டு பேப்பர்களில் ஒன்றை மட்டும் சுட்டிவிட்டு 'இந்த முறையே சிறந்தது' என்று எழுதுபவர்களை வாய்வா தேர்வில் கேள்வி கேட்க வேண்டும்.

சரி, இப்போது கூட்டாசிரியர் வலை. பார்க்க எல்லாவற்றையும்விட எளிது, ஏமாற்றுவதிலும் இதுதான் முதலிடம். இரண்டு பேர் ஒரே பேப்பரில் பெயர் போட்டிருந்தால் ஒரு கோடு. 2015-ல் செர்ன் ஆய்வகத்தின் அட்லாஸ், சிஎம்எஸ் குழுக்கள் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வெளியிட்ட பேப்பரில் 5,154 ஆசிரியர்கள், மொத்தம் 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியலும் நிறுவனப் பட்டியலும்தான். இந்த ஒரு பேப்பர் மட்டும் ஒரு வலையில் உருவாக்கும் கோடுகள் 1 கோடியே 32 லட்சத்துக்கு மேல் (5,154-ஐ 5,153-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள்). அவர்களில் பெரும்பாலானோர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தேயிருக்க மாட்டார்கள். விஓஎஸ் வியூவர் 25-க்கு மேல் ஆசிரியர் உள்ள ஆவணங்களைத் தவிர்க்கும் வசதியை வைத்திருப்பது இதனால்தான். ஃபிராக்ஷனல் கவுண்டிங் என்று இன்னொரு தேர்வும் அதில் உண்டு. ஐந்து பேர் எழுதிய பேப்பர் என்றால் ஒருவரிடமிருந்து மற்ற நான்கு பேருக்குப் போகும் ஒவ்வொரு கோட்டுக்கும் கால் பங்கு எடை, இரண்டு பேர் மட்டும் எழுதியிருந்தால் முழு எடை. உங்களிடம் வேறு வலுவான காரணம் இல்லாவிட்டால் ஃபிராக்ஷனலையே தேர்ந்தெடுங்கள்.

பெயர்ப் பிரச்சினை இதைவிடப் பெரியது, அதிலும் நம் ஊர்ப் பெயர்களுக்கு. திரவப் படிகத் துறையிலேயே இருப்பதிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளத்தின் கோப்பைத் திறந்தால் ரெஃபரன்ஸ் பகுதியில் ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம் என்ற வரிசையில் இப்படி இரண்டு வரிகள் வரலாம்:

சந்திரசேகர் எஸ், 1943, ரெவ் மாட் ஃபிஸ், 15, 1
சந்திரசேகர் எஸ், 1977, பிரமாணா, 9, 471

முதலாமவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிகாகோ போய், 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். இரண்டாமவர் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டறிந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இருவருமே சர் சி.வி. ராமனுக்கு நெருங்கிய உறவு, ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். வானியற்பியலாளர்தானே, திரவப் படிகத்தில் அவருக்கு என்ன வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் பிரவுனியன் இயக்கம் பற்றிய அவருடைய 1943 கட்டுரையையும் பாய்மங்களின் நிலைப்பு பற்றிய 1961 நூலையும் இந்தத் துறைக்காரர்கள் நியாயமாகவே சுட்டுவார்கள். ஆக, ஆசிரியர் அடிப்படையில் கோ-சைட்டேஷன் படம் போட்டால் இருவரும் ஒரே பெரிய புள்ளியாக நடுவில் வந்து நிற்பார்கள். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது.

நோபல் பரிசு பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், 'குமார் எஸ்', 'சுரேஷ் கே' என்று இனிஷியலோடு எழுதும் நம்மவர்கள் நிலையைச் சொல்ல வேண்டாம். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் அப்பா பெயர் ஒரு இதழில் கடைசிப் பெயராகப் போய்விடும், இன்னொரு இதழில் இனிஷியலாகச் சுருங்கிவிடும், ஒரே ஆள் மூன்று புள்ளிகளாகப் பிரிவார், மூன்று பேர் ஒரே புள்ளியாகச் சேர்வார்கள். 2012-ல் வந்த ஓர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் உள்ளவர்களுக்குப் பரவாயில்லை, அதற்கு முந்தைய பேப்பர்களுக்கு நிறுவனப் பெயர், கூட்டாசிரியர், தலைப்பு மூன்றையும் பார்த்துக் கையால்தான் பிரிக்க வேண்டும். விஓஎஸ் வியூவரில் தெசாரஸ் கோப்பு என்று ஒன்று கொடுக்கலாம், ஒரு பத்தியில் தவறான வடிவம், பக்கத்துப் பத்தியில் சரியான வடிவம். ஆனால் அது சேர்க்க மட்டுமே உதவும், பிரிக்க உதவாது. இரண்டு சந்திரசேகர்களைப் பிரிக்க மூலக் கோப்பிலேயே போய் மாற்ற வேண்டும்.

நூல்களுக்கும் இதே கதை. டி ஜென்னின் நூலுக்கு 1974 பதிப்பும், பிராஸ்டுடன் சேர்ந்து எழுதிய 1993 பதிப்பும் உண்டு. சந்திரசேகரின் 1961 நூலுக்கு 1981-ல் டோவர் மறுபதிப்பு வந்தது. ஆண்டு வேறு என்பதால் மென்பொருளுக்கு இவை வேறு வேறு நூல்கள், சைட்டேஷன் எண்ணிக்கை பிளந்துபோகும். டி ஜென் பெயரையே 'டி' சேர்த்தும் சேர்க்காமலும் ஒட்டியும் பிரித்தும் எழுதுபவர்கள் வேறு இருக்கிறார்கள்.

தரவுத்தளம் எது என்பதைப் பலர் முதல் கேள்வியாக எடுத்துக்கொள்வார்கள், நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன், ஏனென்றால் முறை முடிவானால் தரவுத்தளம் பாதி முடிவாகிவிடும்.

கோ-சைட்டேஷன்தான் வேண்டும், அதுவும் பழைய நூல்கள் முக்கியம் என்றால் வெப் ஆஃப் சயின்ஸ். தன் பட்டியலில் இல்லாத நூலையும் ரெஃபரன்ஸ் வரியாக அப்படியே வைத்திருக்கும் என்பது அதன் பலம். முதல் ஆசிரியர் பெயரை மட்டும் வைத்திருக்கும் என்பது பலவீனம், இரண்டாவது ஆசிரியராகவே வாழ்நாள் முழுக்க எழுதியவர் ஆசிரியர் வரைபடத்தில் காணாமல் போவார். ரெஃபரன்ஸோடு இறக்க வேண்டுமானால் ஒரு தடவைக்கு 500 பதிவுதான், நாலாயிரம் பேப்பர் என்றால் எட்டுத் தடவை கோப்பு கோப்பாக இறக்கிச் சேர்க்கும் பொறுமை வேண்டும். அப்புறம் கல்லூரி சந்தா கட்டியிருக்க வேண்டும், பல கல்லூரிகளில் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

2004-ல் எல்செவியர் தொடங்கிய ஸ்கோபஸில் இதழ்கள் அதிகம், இந்திய இதழ்களும் கூடுதலாகக் கிடைக்கும். இறக்கும்போது ரெஃபரன்ஸ் பெட்டியில் டிக் போட மறந்துவிடாதீர்கள், தானாக அது சேராது, பிறகு கப்ளிங் தேர்வை மென்பொருள் ஏன் மறுக்கிறது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிவரும். ரெஃபரன்ஸ் வரிகளின் வடிவம் ஒழுங்காக இருக்காது என்பதால் ஸ்கோபஸ் கோப்பில் கோ-சைட்டேஷன் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கப்ளிங்குக்குத் தாராளமாகப் போதும்.

சந்தா இல்லாதவர்களுக்கு ஓப்பன்அலெக்ஸ். மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தரவுத்தளத்தை 2021 இறுதியில் மூடியபோது அதன் இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் வந்தது, பழைய அலெக்ஸாண்ட்ரியா நூலகத்தின் பெயரைத் தாங்கியது, தரவு முழுவதும் யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற சிசி0 உரிமத்தில். ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை என்று நினைத்துவிட வேண்டாம், பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதன் பக்கம் வந்திருக்கிறது, பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் லைடன் தரவரிசையின் திறந்த பதிப்பு 2024 முதல் இதன் மேல்தான் நிற்கிறது. ஆங்கிலம் அல்லாத இதழ்களும் வளரும் நாடுகளின் இதழ்களும் மற்ற இரண்டையும்விட இதில் அதிகம். குறை என்னவென்றால் ஒரு ரெஃபரன்ஸ் அதன் தரவுத்தளத்துக்குள் வேறொரு பதிவோடு பொருந்தினால் மட்டுமே கணக்கில் வரும், பொருந்தாத பழைய நூல் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அதனால் இதிலும் கப்ளிங்கே பாதுகாப்பு, அடித்தள வரலாறு வேண்டாம். ஆசிரியர்களைத் தவறாக ஒன்றுசேர்ப்பதும் உண்டு, மேலே சொன்ன கை வேலையிலிருந்து விடுதலை கிடையாது.

கூகுள் ஸ்காலர்? பேப்பர் தேட அதைப் போல வேறொன்று இல்லை. வரைபடத்துக்கு உதவாது. ரெஃபரன்ஸ் பட்டியலே தராது, ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுக்கு மேல் காட்டாது.

மென்பொருளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். லைடன் பல்கலைக்கழகத்தின் வான் எக், வால்ட்மன் இருவரின் விஓஎஸ் வியூவர் முதல் படத்துக்குப் போதும். எந்தக் கருத்து எந்த வருடம் திடீரென்று எழுந்தது என்று பார்க்க வேண்டுமானால் சாவ்மெய் சென்னின் சைட்ஸ்பேஸ், ஆனால் அதன் திரையைப் புரிந்துகொள்ளவே சில நாள் பிடிக்கும். ஆர் மொழி தெரிந்தவர்களுக்கு இத்தாலியர்களான ஆரியாவும் குக்குருல்லோவும் 2017-ல் வெளியிட்ட பிப்லியோமெட்ரிக்ஸ் தொகுப்பு, செய்ததை அப்படியே திரும்பச் செய்துகாட்ட முடியும் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. எதை எடுத்தாலும் படத்தில் இடம், வலம், மேல், கீழ் என்பதற்கு அர்த்தம் கிடையாது, தூரத்துக்கு மட்டும்தான் ஓரளவு உண்டு. கொத்துகள் எவ்வளவு நுணுக்கமாகப் பிரிய வேண்டும் என்று சொல்லும் ரெசல்யூஷன் என்ற எண்ணை 1-லிருந்து 1.5 ஆக்கினால் ஐந்து கொத்து ஒன்பதாகலாம். 'இத்துறையில் ஐந்து உட்பிரிவுகள் உள்ளன' என்று எழுதும் முன் அந்த எண்ணை நகர்த்திப் பார்த்து, எப்படி நகர்த்தினாலும் கலையாமல் நிற்கும் கொத்துகளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். தேடிய தேதி, தேடல் வரி, எந்த கவுண்டிங், எத்தனை சைட்டேஷனுக்கு மேல் எடுத்தீர்கள், இந்த நாலும் முறையியல் பகுதியில் இல்லாவிட்டால் அந்தப் படத்தை யாராலும் சரிபார்க்க முடியாது.

தமிழியல் மாணவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்கோபஸ் பக்கம் ஓடிவிட வேண்டாம். தமிழில் வரும் ஆய்விதழ்களில் பெரும்பாலானவை இந்தத் தரவுத்தளங்களில் இல்லை, கல்வெட்டுப் பதிப்புகளும் உரை நூல்களும் அடிக்குறிப்பில் சுட்டப்படும் விதம் எந்த மென்பொருளுக்கும் பிடிபடாது. அங்கே கிடைக்கும் வரைபடம், தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களின் வரைபடமாக மட்டுமே இருக்கும். வேறு வழி இல்லை, இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு அடிக்குறிப்புகளை எக்செல்லில் ஏற்ற வேண்டும்: ஒரு பத்தியில் சுட்டியவர், அடுத்ததில் சுட்டப்பட்ட நூல், மூன்றாவதில் பதிப்பாண்டு. இந்தக் கோப்பை கெஃபி என்ற இலவச மென்பொருளுக்குக் கொடுத்தால் யார் எதைச் சுட்டினார்கள் என்ற வலை வரும். ஒரே நூலின் வெவ்வேறு பதிப்புகளைச் சேர்ப்பதா பிரிப்பதா என்பதைத் தட்டச்சு தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உ.வே.சா. பதிப்பைச் சுட்டியவரையும் பிந்தைய மறுபதிப்பைச் சுட்டியவரையும் பாதி வேலையில் ஒன்றாக்க ஆரம்பித்தால் கோப்பு முழுவதையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.